கொடியில் ட்ரெவரின் சட்டைகள்

நான்கு மாதமாக லொரெய்ன் கெர்ஷா ஜப்திக்காரனைத் தன் வீட்டு நிலைப்படியைத் தாண்ட விடவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அந்த வித்தையில் தேறிவிட்டாள். கவுன்சிலுக்குக் கட்ட வேண்டிய வீட்டு வரி பாக்கி விழுந்து, அது கோர்ட்டு வரைக்கும் போய், ஜப்தி கம்பெனியின் முதல் கடிதம் வந்த அன்றே ஹார்க்லி நூலகத்துக்குப் போய், அங்கே இலவச ஆலோசனை சொல்ல உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவன் பூட்டை உடைத்துக்கொண்டு வர முடியாது, நீயாகக் கதவைத் திறந்து விட்டால்தான் உண்டு என்று அந்தப் பெண் சொன்னாள். ஆனால் ஒரே ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், அப்புறம் அவனைத் தடுக்க யாராலும் ஆகாது என்றும் சொன்னாள்.

அன்றிலிருந்து முன்கதவுக்கு இரட்டைத் தாழ். யார் தட்டினாலும் மாடி ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கி, வந்தவனின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டுதான் மறுவேலை. காரை இரண்டு தெரு தள்ளி மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவைப்பாள். கேரத் தோர்ப் என்ற அந்த ஜப்திக்காரன் மாதம் ஒருமுறை வந்து, கதவில் தபால் போடுகிற சந்துக்கு நேராகக் குனிந்து நின்று பேசுவான். அவள் உள்ளே மாடிப்படியில் உட்கார்ந்தபடி பதில் சொல்வாள்.

“மிஸ்டர் ட்ரெவர் கெர்ஷா இருக்காருங்களா?”

“வேலைக்குப் போயிருக்கார்.”

“எப்ப வருவார்?”

“கடல்ல எண்ணெய்க் கிணத்து வேலை, தம்பி. அலை அடங்கினா வருவார்.”

“போன மாசமும் அலைன்னுதான் சொன்னீங்க.”

“வடகடல் அப்படித்தான். அதுக்கு நான் என்ன பண்ணட்டும், போய் அதட்டிட்டு வரட்டுமா?”

அவன் பெருமூச்சு விட்டு ஒரு காகிதத்தைச் சந்து வழியாகத் தள்ளிவிட்டுப் போவான். அவள் அதை எடுத்து, பிரிக்காமலே, ரொட்டிப் பெட்டிக்கு அடியில் வைப்பாள்.

ட்ரெவர் கடலில் இல்லை. இளவயதில் இரண்டு வருஷம் எண்ணெய்க் கிணற்றில் வெல்டிங் வேலை பார்த்தவன்தான், பொய்க்கு அது கைகொடுத்தது. உண்மையில் அவன் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் தங்கும் விடுதி நடத்துகிற ஒருத்தியோடு போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியவன், ஒரு சனிக்கிழமை காலை, டீ ஜாடிக்கு அடியில் நாலு வரி எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். நாலே வரி! அதிலும் ஒரு வரி குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் மீனைப் பற்றி.

அன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் யாரோ “எங்க, ட்ரெவரைக் காணோம்?” என்று கேட்டார்கள். வாயில் வந்தது, “மறுபடியும் கடல் வேலைக்குப் போயிருக்கார்” என்று. அவ்வளவுதான். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது.

அதற்கு அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அவன் விட்டுப்போன பூட்ஸைப் பின்வாசலில் வைத்தாள். தொப்பியை ஆணியில் மாட்டினாள். வருஷா வருஷம் வாக்காளர் படிவம் வரும்போது, வீட்டில் இருப்பவர்கள் என்று இரண்டு பெயரையும் எழுதி அனுப்பினாள். எல்லாவற்றுக்கும் மேலே சட்டைகள். திங்கட்கிழமைதோறும் பள்ளிக்கூடச் சமையல் வேலை முடிந்து வந்ததும் துணி துவைத்து, பின்சந்தின் குறுக்கே கட்டியிருக்கும் கொடியில் காயப்போடுவாள். அவளுடைய துணிகளோடு ட்ரெவரின் மூன்று சட்டைகளும் காயும். ஒன்று வெள்ளை, ஒன்று கட்டம் போட்டது, ஒன்று நீலம். உடுத்தாத சட்டையை மூன்று வருஷமாகத் துவைத்தால் என்ன ஆகும்? சாயம் போய் நீலம் சாம்பல் ஆகிக்கொண்டிருந்தது. அதன் மூன்றாவது பட்டன் போன வருஷம் எங்கேயோ விழுந்துவிட்டது. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், கறுப்பு நூலில் ஒரு பட்டன் தைத்திருந்தது. நாமேதான் எப்போதோ அரைத் தூக்கத்தில் தைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

கொடியின் மறுமுனை எதிர்வீட்டு மேவிஸ் ஹோல்ராய்டின் சுவரில் இருந்தது. மேவிஸுக்கு எழுபத்திரண்டு வயது. அவள் காதில் காலையில் விழுந்த சேதி மத்தியானத்துக்குள் இறைச்சிக் கடை வரைக்கும் போய்விடும். திங்கட்கிழமை லொரெய்ன் துணி போடும்போது அவளும் வெளியே வந்து நின்று, தவறாமல் கேட்பாள், “ட்ரெவர் எப்படி இருக்கான்?” என்று.

“நல்லா இருக்கார்க்கா. போன் பண்ணினார்.”

“சாப்பாடெல்லாம் ஒழுங்கா போடுறாங்களாமா?”

“அதெல்லாம் ராஜ உபசாரம்.”

இந்த ஒருத்திக்காகத்தான் லொரெய்ன் சட்டை துவைத்தாள் என்றே சொல்லலாம். வேறு யாருக்குத் தெரிந்தாலும் பொறுத்துக்கொள்வாள், மேவிஸுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்தது மாதிரி.

ஏப்ரல் மாதத்து ஒரு திங்கட்கிழமை. துணி பாதி காய்ந்திருக்கும்போது வானம் திடீரென்று கறுத்து, சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து, ஒரே நிமிஷத்தில் கொட்டத் தொடங்கிவிட்டது. லொரெய்ன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்தப் பின்சந்தில் ஒரு வழக்கம் உண்டு. மழை வந்தால் யார் துணி என்று பார்க்கக் கூடாது. தபால்காரனோ, கண்ணாடி துடைக்க வந்தவனோ, நடந்து போகிறவன் எவனாக இருந்தாலும் நின்று நாலு துணியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கூடையைச் சுமந்து வந்தவனுக்கு ஒரு டீ உண்டு. அவளுடைய அம்மா காலத்திலிருந்தே அப்படித்தான்.

வாய் நிறைய கிளிப்பைக் கவ்விக்கொண்டு அவள் போர்வையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மழைக்கோட்டுத் தலைமூடியை இழுத்துவிட்ட ஒரு பருத்த ஆள் மறுமுனையைப் பிடித்தான். இருவருமாக மடித்தார்கள். அவன் சட்டைகளை உருவிக் கூடையில் போட்டான்.

“ஓடு தம்பி, ஓடு! கூடையை உள்ள கொண்டுபோய் வை!” என்று கத்தினாள் லொரெய்ன். கிளிப்புகள் வாயிலிருந்து தெறித்தன. “சமையல்கட்டு மேசை மேல வை, நனையப் போகுது!”

அவன் ஓடினான். அவளும் பின்னாலேயே ஓடி வந்து, தலையைத் துவட்டக்கூட நிற்காமல் கெட்டிலின் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

“நல்ல வேளை வந்தே. பால் எவ்வளவு விடட்டும்?”

“கொஞ்சமா விடுங்க. சர்க்கரை ரெண்டு.”

லொரெய்னின் கை பால் பாட்டிலோடு அப்படியே நின்றது. நான்கு மாதமாகத் தபால் சந்து வழியாகக் கேட்ட குரல். உச்சந்தலையைத்தான் பார்த்திருக்கிறாளே தவிர முகத்தைப் பார்த்ததில்லை. அவன் தலைமூடியைப் பின்னால் தள்ளினான். மார்பில் சட்டைப்பை ஓரமாக ஒரு சின்ன கேமரா, அதில் சிவப்பு விளக்கு.

“கேரத் தோர்ப்,” என்று அடையாள அட்டையைக் காட்டினான். அவன் முகத்திலும் கொஞ்சம் சங்கடம் இருந்தது. “நீங்களேதான் உள்ள வரச் சொன்னீங்க, அம்மா. கேமராவுல பதிவாகியிருக்கு.”

“அடப் பாவி! நான் துணியைக் கொண்டுபோகச் சொன்னேன்டா!”

“துணியோட நானும் வந்துட்டேனே.”

லொரெய்ன் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்கு மாதத் தாழ்ப்பாள், நான்கு மாத ஜன்னல் திரை, எல்லாம் ஒரு மழையில் போச்சு. தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஆனாலும் டீயைப் போட்டுக் கொடுத்தாள். கூடையைச் சுமந்தவனுக்கு டீ கொடுக்காமல் இருப்பதற்கு அவள் கை வரவில்லை.

அவன் டீயைக் குடித்துக்கொண்டே பட்டியல் எழுதினான். துவைக்கும் இயந்திரத்தையும் அடுப்பையும் தொடக் கூடாது, அது சட்டம் என்று அவனே சொன்னான். தொலைக்காட்சி, கண்ணாடி அலமாரி, முன்னறைச் சோஃபா. அப்புறம் பேனாவைக் கீழே வைத்தான்.

“இதெல்லாம் சேர்த்து வித்தாலும் பாக்கியில கால்வாசி தேறாது. காரைத்தான் எடுக்கணும். சிவப்பு கார், சர்ச் பின்னால. இன்னிக்கித்தான் கண்டுபிடிச்சேன். அதோட சக்கரத்துக்குப் பூட்டு போடுறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாம்னுதான் பின்பக்கமா வந்தேன்.”

“கார் இல்லாம நான் எப்படி வேலைக்குப் போறது? பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு. ஏழு மணிக்கு நான் அடுப்பைப் பத்த வைக்கலேன்னா இருநூறு பிள்ளைங்களுக்கு மத்தியானம் சோறு கிடையாது. முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான்.”

“கார்லயே வேலை செஞ்சா விட்டுடலாம். கார்ல வேலைக்குப் போறதை விட முடியாது. நான் எழுதின சட்டமில்லம்மா.”

வெளியே மழை தணிந்துகொண்டிருந்தது. கூடையின் மேலே நீலச் சட்டை கிடந்தது. தோர்ப் அதன் கழுத்துப் பட்டையை விரலால் புரட்டிப் பார்த்தான். பதினாறு வருஷமாக மற்றவர்கள் வீட்டை நோட்டம் விடுகிற தொழில். அவன் கண்ணில் எது தப்பும்?

“ரெண்டு வாரம் கடல்ல, ரெண்டு வாரம் வீட்டுலதானே அந்த வேலை?” என்றான்.

“ஆமா.”

“கழுத்துல கொஞ்சங்கூட அழுக்குத் தேய்மானம் இல்ல. அந்தப் பின்வாசல் பூட்ஸுக்குள்ள சிலந்தி கூடு கட்டிக் குடும்பம் நடத்துது. அவர் போய் எவ்வளவு நாளாச்சு?”

“உன் வேலை பொருளை எழுதுறது. அதை மட்டும் பாரு.”

“சரி,” என்றான் அவன், கோபப்படாமல். கேமராவின் விளக்கை அணைத்தான். “ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். உங்க கணக்கைப் பார்த்தேன். மூணு வருஷமா முக்கால்வாசி வரியைத் தவறாம கட்டியிருக்கீங்க, கால்வாசிதான் நிக்குது. தனியா இருக்கிறவங்களுக்கு வரியில கால்வாசி தள்ளுபடி. அது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

தெரியும். வருஷா வருஷம் வரி ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருப்பதுதான். ‘இந்த வீட்டில் நீங்கள் மட்டுமே வசிக்கிறீர்களா?’ என்ற கேள்விக்குப் பக்கத்தில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட அவளுக்குக் கை வரவில்லை. கோடு போட்டால் கவுன்சிலில் இருந்து யாராவது விசாரிக்க வருவார்கள், வருகிறவன் அக்கம்பக்கத்தில் கேட்பான், மேவிஸிடம் கேட்பான். அதற்குப் பயந்து, ஓடிப்போனவனின் பங்கைக் கடனாகத் தலையில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தோர்ப் பட்டியலில் கையெழுத்து வாங்கினான். “வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னண்டு மணிக்கு வண்டியோட வருவேன். அதுக்குள்ள பணம் வரணும், இல்லேன்னா கவுன்சில் கேஸைத் திரும்ப வாங்கிக்கிட்டதா எனக்கு போன் வரணும். திரும்ப வாங்கிட்டா என் கூலியும் போச்சு. அதனால நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. டீ நல்லா இருந்துச்சு.”

அன்று ராத்திரி முழுக்க லொரெய்னுக்கு ஒரே யோசனை. காரை விட்டால் வேலை போகும். காரைக் காப்பாற்ற நினைத்தால், மூன்று வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்த மானம் போகும். வேறு வழியே இல்லையா என்று புரண்டு புரண்டு பார்த்தாள், இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மாவு மூட்டை வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கவுன்சிலுக்கு போன் பண்ணினாள். அரை மணி நேரம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்த பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

“என் வீட்டுக்காரர்,” என்று ஆரம்பித்த லொரெய்ன் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “என் வீட்டுக்காரர் இப்ப எங்கூட இல்ல.”

“ஐயோ, தவறிட்டாருங்களா?”

“தவறியிருந்தா பெருமையா சொல்லிக்குவேனே! போயிட்டார். மூணு வருஷமாச்சு.”

அந்தப் பெண் கணினியில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தயக்கமாகச் சொன்னாள். “வாக்காளர் பட்டியல்ல அவர் பேர் இருக்கே, அம்மா. மூணு வருஷமும் நீங்களே கையெழுத்துப் போட்டு, அவர் அந்த வீட்டுலதான் இருக்கார்னு அனுப்பியிருக்கீங்க. நாங்க உங்க எந்தக் கையெழுத்தை நம்பறது?”

“இப்ப சொல்றதை நம்பும்மா.”

“நான் நம்பறேன். மேலதிகாரி நம்பணுமே. பக்கத்துல குடியிருக்கிறவங்க, உறவு இல்லாதவங்க யாராவது ஒருத்தர், எந்தத் தேதியிலேர்ந்து அவர் அங்க இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். வெள்ளிக்கிழமை காலையில நேர்லயே கொண்டுவாங்க, நான் பார்த்துக்கறேன்.”

லொரெய்ன் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். வெளியே யாரோ உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று கேட்டார்கள். “வெந்துடுச்சு, வெந்துடுச்சு” என்று உள்ளிருந்தே கத்தினாள்.

யாரிடம் போவது? ஒரு பக்கத்து வீடு மூன்று மாதம் முன்புதான் குடிவந்த இளம் தம்பதி, அவர்களுக்குத் தேதி தெரியாது. இன்னொரு பக்கம் வீடு காலி. மூன்று வீடு தள்ளி ஸ்டான் ஹிண்டில், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். அவன் ட்ரெவரின் சிநேகிதன், அவனிடம் போய் இதைச் சொல்ல நாக்கு எழாது. எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் கொடியின் மறுமுனைதான் மிச்சம்.

புதன்கிழமை போகவில்லை. வியாழக்கிழமை மூன்று மணிக்கு, கவுன்சில் பெண் சொன்னபடி எழுத வேண்டியதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, பின்சந்தைக் கடந்தாள். பத்தடி தூரம்தான். அந்தப் பத்தடியை நடக்க அவளுக்கு மூன்று வருஷமாயிருக்கிறது.

மேவிஸ் சமையல்கட்டில் குதிரைப் பந்தயத்தை ஓடவிட்டு, இறைச்சி அடைக்க மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வாம்மா. என்ன, கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு? கல்யாணமா, சாவா?”

“அக்கா, நீங்க எனக்கு ஒண்ணு எழுதித் தரணும்.” தாளை மேசையில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். “படிங்க. படிச்சிட்டு என்ன வேணா சொல்லுங்க.”

மேவிஸ் கையை ஏப்ரனில் துடைத்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். படித்தாள். ‘அட கடவுளே’ என்று ஒரு கூச்சல் வரும், வந்ததும் எழுந்து போய்விடலாம் என்று லொரெய்ன் நினைத்தாள்.

“பேனா எங்க வெச்சேன்?” என்றாள் மேவிஸ். இழுப்பறையைக் கிளறி ஒன்றை எடுத்து, காகிதத்தின் மூலையில் கிறுக்கிப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். இரண்டு வரி எழுதியானதும் லொரெய்ன் வாயைத் திறந்தாள்.

“தேதி வந்து, மார்ச் மாசம்…”

“பதினாலு,” என்றாள் மேவிஸ், நிமிராமலே. “சனிக்கிழமை. காலையில ஆறு பத்து.”

லொரெய்ன் அவளையே பார்த்தாள். மேவிஸ் எழுதிக்கொண்டேயிருந்தாள்.

“பூனையை உள்ள விடக் கதவைத் திறந்தேன். ரெண்டு பெட்டியைத் தூக்கிக்கிட்டு நம்ம கொடிக்கு அடியில குனிஞ்சு போறான். ‘என்ன ட்ரெவர், வேலைக்கா?’ன்னேன். ‘ஆமா மேவிஸ்’னான். செண்ட் வாசனை மூக்கைத் துளைக்குது. எண்ணெய்க் கிணத்துக்கு எவன்டி செண்ட் அடிச்சிக்கிட்டுப் போவான்?”

“அப்ப மூணு வருஷமா உங்களுக்கு…”

“எனக்கு மட்டுமா? ஸ்டான் அந்தக் கோடையிலயே பிளாக்பூல்ல பார்த்துட்டான். ட்ரெவர் அங்க எவளோட பெட்டியையோ மாடிக்குத் தூக்கிக்கிட்டுப் போனானாம்.”

“யாருக்கெல்லாம் தெரியும்க்கா?”

“யாருக்குத் தெரியாதுன்னு கேளு, சீக்கிரமா முடிஞ்சிடும்.”

லொரெய்னின் முகம் குப்பென்று சிவந்தது. “ஒவ்வொரு திங்களும் ட்ரெவர் எப்படி இருக்கான்னு கேட்டீங்களே! சாப்பாடு போடுறாங்களான்னு கேட்டீங்களே! என்னை வெச்சு எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்களா?”

மேவிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் வழக்கமாக இருக்கும் குறும்பு இல்லை.

“நான் கேக்கறதை நிறுத்தியிருந்தா, எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ கடல்னு சொன்னே. சரி, கடல்னே இருக்கட்டும், அவளா வாயைத் திறக்கிற வரைக்கும் அவன் கடல்லதான் இருக்கான்னு நாங்க எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டோம். நானே இறைச்சிக் கடைக்காரன்கிட்ட, ‘ட்ரெவருக்கு அங்க நல்ல சம்பளமாம்’னு சொல்லியிருக்கேன். நான் வாயை மூடிக்கிட்டு இருந்த ஒரே விஷயம் இதுதான், தெரியுமா? எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு!”

லொரெய்னுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. “மூணு வருஷ சோப்புத் தூள்! வாரா வாரம் அந்தக் கழிசடையோட சட்டையை நான் துவைச்சுக்கிட்டு…”

“அதுவும் அந்த நீலச் சட்டை,” என்றாள் மேவிஸ். “பட்டன் இல்லாம நாலு வாரம் தொங்கிச்சு. ஆம்பளை வந்து போற வீடா இருந்தா, பட்டனைத் தைடின்னு ஒரு தரமாவது கேட்டிருக்க மாட்டானா? மேலத்தெருக்காரிங்க பார்த்தா என்ன நினைப்பாளுங்கன்னு எனக்குப் பதறிச்சு. நீ கடைக்குப் போன நேரம், கொடியிலயே வெச்சுத் தெச்சுட்டேன். என்கிட்ட கறுப்பு நூல்தான் இருந்துச்சு, கண்ணு.”

அப்போதுதான் லொரெய்ன் அழுதாள். மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட அழாதவள், அந்த மாவு படிந்த மேசைமேல் முகத்தை வைத்து, கோட்டுக் கையெல்லாம் மாவாகும்படி அழுதாள். அவன் போனதற்காக இல்லை. தான் தனியாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்றுதான் அழுதாள். மேவிஸ் அவள் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் கையெழுத்தைப் போட்டு முடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு லொரெய்ன் அந்தக் காகிதத்தைக் கவுன்சிலில் கொடுத்தாள். சொன்ன நேரத்துக்குத் தோர்ப் வண்டியோடு வந்து நின்றான். அவள் முன்னறை ஜன்னலை ஒரு சாண் திறந்து எட்டிப் பார்த்தாள். அவன் போனைக் காட்டினான்.

“பத்து நிமிஷம் முன்னாடிதான் சொன்னாங்க. கேஸைத் திரும்ப வாங்கிட்டாங்க. என் கூலி போச்சு, உங்க கார் தப்பிச்சுது.”

“கொஞ்சம் இரு தம்பி,” என்று உள்ளே போனவள் ஒரு கோப்பை டீயை ஜன்னல் வழியாக நீட்டினாள். பால் கொஞ்சம், சர்க்கரை இரண்டு.

“இனிமே கதவைத் திறந்தாலும் நான் ஒண்ணும் எடுக்க முடியாதும்மா.”

“தெரியும். இருந்தாலும் நீ வெளியவே நின்னு குடி,” என்றாள் லொரெய்ன்.

அவன் சிரித்துக்கொண்டே நடைபாதையில் நின்று குடித்துவிட்டுக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துப் போனான்.

திங்கட்கிழமை வெயில் அடித்தது. லொரெய்ன் துணிக் கூடையோடு பின்சந்துக்கு வந்தாள். ஒரு போர்வை, இரண்டு துண்டு, அவளுடைய சமையல் கோட்டு, கொஞ்சம் சில்லறைத் துணி. கொடியில் பாதி காலியாக இருந்தது. மேவிஸ் வழக்கம்போலக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். மூன்று வருஷப் பழக்கம், நாக்கு தன்னால் புரண்டுவிட்டது.

“ட்ரெவர் எப்படி இருக்கான்?”

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். லொரெய்ன் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். சந்தின் இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்திருந்தன. ஸ்டான் தன் கொல்லைச் சுவருக்குப் பின்னால் வெங்காய நாற்று வைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

“தெரியலக்கா,” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படியாக. “அவர் என்னை விட்டுட்டுப் போய் மூணு வருஷமாச்சு.”

மூன்று வீடு தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்டானின் குரல் வந்தது.

“அப்பாடா! அப்ப இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கார்டுல உன் பேரை மட்டும் எழுதினாப் போதுமா, லொரெய்ன்?”

“போதும் ஸ்டான்,” என்றாள் அவள், அடுத்த துண்டை உதறிக்கொண்டே.